பாலைவன இரவும் விருந்தின் அறமும்

மனிதன் தன் சிறுமையை உணர்வதற்குரிய இடங்களை இன்று தேடிச் செல்ல வேண்டியிருக்கின்றது. அவ்வாறு தேடுவோரிற் பலர் பாலைவனத்தை நாடுகின்றனர். பகலெல்லாம் மணலையும் பாறையையும் கண்டு, இரவில் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, விண்மீன்களை நோக்கியவாறே திறந்தவெளியில் உறங்குவது இப்பயணங்களின் உச்சமாகக் கருதப்படுகின்றது. அங்ஙனம் உறங்கி எழுந்தோர் தம் அகந்தை அடங்கியதென்றும், வாழ்க்கையின் உண்மையான அளவு புலப்பட்டதென்றும் கூறுவர். அக்கூற்றைப் பொய்யெனத் தள்ளிவிட முடியாது. ஆயினும், விலைகொடுத்துப் பெற்ற ஓரிரவின் பணிவு அறத்தின்பாற்பட்ட பணிவாகுமா என்னும் வினா எழவே செய்கின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஜோர்தான் நாட்டின் தென்பகுதியிலுள்ள வாடி றம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். மணற்கற் குன்றுகளும் செம்மணற் பள்ளத்தாக்குகளும் கொண்ட இப்பாலைவனம், இயற்கைச் சிறப்பும் பண்பாட்டுச் சிறப்பும் ஒருங்கே வாய்ந்த இடமென 2011இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்குள்ள பாறைகளில் ஏறத்தாழ 25,000 செதுக்குருவங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் காணப்படுகின்றன. வெறுமையெனத் தோன்றும் அந்நிலம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் நடந்தும் எழுதியும் வாழ்ந்தும் வந்த நிலம் என்பது இதனாற் பெறப்படும். ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்த பெதூயின் மக்களே இன்று அங்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும், வண்டியோட்டிகளாகவும், உணவு சமைப்போராகவும் விளங்குகின்றனர்.

பாலைவன வானம் தெளிந்து தோன்றுவதற்குக் காரணங்கள் உள. காற்று வறண்டது, முகில் அரிது, நகரங்களின் ஒளி சேய்மையிலுள்ளது. இவற்றுள் மூன்றாவது காரணமே இங்கு முக்கியமானது. 2016இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்றின்படி, மனிதகுலத்தில் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தாம் வாழுமிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவராயினர். வட அமெரிக்கரைப் பொறுத்தவரை இத்தொகை ஏறத்தாழ 80 வீதமாகும். தம் இரவைத் தாமே ஒளியால் அழித்துக்கொண்ட சமுதாயங்கள், அழியாதிருக்கும் பிறரது இரவை நாடிச் செல்கின்றன. பாலைவனத்து இரவு ஒரு விற்பனைப் பொருளானமை இவ்வாறுதான்.

விண்மீன்களின் முன்னே மனிதன் கொள்ளும் வியப்பை மெய்யியல் நோக்கில் ஆழமாக ஆராய்ந்தவர் ஜேர்மனிய அறிஞரான இம்மானுவேல் கான்ற். 1788இல் வெளிவந்த நூலின் முடிவுரையில், விண்மீன் நிறைந்த வானத்தையும் மனிதனுள் இருக்கும் அறவிதியையும் அவர் இணைத்துப் பேசினார். வானம் மனிதனது சிறுமையைக் காட்டுகின்றது. அறவிதி அவனது மதிப்பைக் காட்டுகின்றது. இரண்டும் சேர்ந்தாலன்றிச் சிந்தனை நிறைவு பெறாது என்பது அவர் கருத்தின் சாரமெனலாம். 1790இல் வெளிவந்த மற்றொரு நூலில், இயற்கையின் அச்சுறுத்தும் தோற்றங்கள் உன்னத உணர்வை அளிக்க வேண்டுமாயின், காண்பவன் பாதுகாப்பான இடத்தில் இருத்தல் வேண்டும் என அவர் எடுத்துரைத்தார். புயலிற் சிக்கியவன் புயலைச் சுவைப்பதில்லை.

அதே நூலில் கான்ற் ஒரு செய்தியையும் குறிப்பிடுகின்றார். பனிமலைகளை நாடிச் செல்வோரெல்லாம் அறிவிலிகள் எனச் சவோய் நாட்டுக் குடியானவன் ஒருவன் கூறியதாக, மலையாய்வாளர் சோசூர் எழுதியிருந்தார். பண்பாட்டுப் பயிற்சி பெறாதவனுக்கு உன்னதம் வெறும் அச்சமாகவே தோன்றும் என்பதற்குக் கான்ற் இதனைச் சான்றாகக் கொண்டார். ஆனால், அக்குடியானவனது சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. மலையின் ஆபத்தை அறிந்தவன் அவன்; வந்தவரது பாதுகாப்பு அவனைப் போன்றோரின் அறிவில் தங்கியிருந்தது. உன்னதத்தைக் காண்பவனுக்குப் பாதுகாப்புத் தேவையென்றால், அப்பாதுகாப்பை அளிப்பவர் யார் என்பதைக் கான்ற் கேட்கவில்லை.

அவர் கேளாத அவ்வினாவே பாலைவன இரவில் முதன்மை பெறுகின்றது. பகலில் தகிக்கும் மணல் இரவில் விரைந்து குளிர்வது. நீர் எங்குளது, வண்டி எங்கே புதையும், திடீர் மழைவெள்ளம் எவ்வழி பாயும் என்பனவற்றை அறிந்த ஒருவர் அருகில் இருப்பதாலேயே பயணி அச்சமின்றி வானத்தை நோக்குகின்றார். அந்த ஒருவருக்கும் வானம் உண்டு. அராபியப் பாலைவன மக்கள் விண்மீன்களை வழிகாட்டியாகவும் நாட்காட்டியாகவும் கொண்டவர்கள். விடியற்பொழுதில் சுகைல் தோன்றுவதைக் கொண்டு கோடையின் வெம்மை தணியுங் காலத்தை அறிந்தனர். தமிழில் அகத்தியர் என வழங்கப்படுவதும் அவ்விண்மீனே. அல்டெபரான், அல்தாயிர், வேகா முதலாக மேனாட்டார் வழங்கும் பெயர்கள் பலவும் அரபு மொழியிலிருந்து சென்றவையாகும். எனவே, பயணி விண்மீனைப் பெயர்சொல்லி அழைக்கும்போதே அம்மொழியினருக்குக் கடன்பட்டவராகின்றார்.

இக்கடனை விளங்கிக்கொள்ள விருந்தோம்பல் மரபை நோக்குதல் வேண்டும். சபாரி என்னும் சொல், பயணத்தைக் குறிக்கும் சபர் என்ற அரபுச் சொல் சுவாகிலி மொழியிற் புகுந்து உருப்பெற்றதாகும். பாலைவனப் பயணம் உயிருக்கு இறுதி விளைவிக்கக்கூடியதாயிருந்த காலத்தில், கூடாரத்தை நாடிவந்தவர் அயலவராயினும் மூன்று நாட்களுக்கு உணவும் காவலும் பெற உரியவர் என்பது பெதூயின் மரபு. இன்று விருந்தளிப்பவர் நாளை வழிதவறி மற்றொருவரின் கூடாரத்தை நாடக்கூடும். விருந்தளிப்பவரும் விருந்தினரும் இடம்மாறக்கூடியவர் என்பதே அவ்வறத்தின் அடிப்படை. உல்லாசப் பயணத்தில் இவ்வடிப்படை தகர்ந்துவிடுகின்றது. அங்கு உறங்கிச் செல்லும் பயணியின் வீட்டு வாயிலை அந்த வழிகாட்டி ஒருநாளும் விருந்தினராக மிதிக்கப் போவதில்லை.

பணம் கொடுத்ததோடு கடன் தீர்ந்தது எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதத்தை எளிதிற் புறக்கணித்தல் நேர்மையாகாது. மேய்ச்சல் வாழ்வு சுருங்கியபின் பயணிகளின் வருகையே அம்மக்களிற் பலருக்கு வருவாய். அவர்களை ஏமாற்றப்பட்டவர்களாக மட்டும் காண்பது அவர்களது அறிவையும் தேர்வையும் இழிவுபடுத்துவதாகும். நியாயமான கூலி அறத்தின் ஒரு கூறே. எனினும், உணவுக்கும் படுக்கைக்கும் விலையுண்டு; ஒருவரை நம்பி மற்றவர் உறங்கும் நம்பிக்கைக்கு விலை குறிக்க முடியாது. விண்மீனின் முன்னே தன்னைத் துரும்பென உணர்ந்தவர், காலையில் தேநீர் பிந்தியதற்காகப் பணியாளரிடம் சினங்கொள்வாராயின், இரவில் அவர் பெற்றது பணிவன்று. பணிவின் சுவை மட்டுமே. வானத்தின் முன் தாழ்வது எளிது. அது பதிலுக்கு எதனையும் கேட்பதில்லை. சக மனிதர் முன் தாழ்வதே கடினமானது.

அவ்வாறாயின் விருந்தினரின் கடமை யாது? கடன் அதே வடிவில் திருப்பியளிக்கப்பட முடியாதபோது, வேறு வடிவில் அளிக்கப்படுதல் வேண்டும். அந்நிலத்தின் அரிய நீரை அளவோடு பயன்படுத்துவதும், பாறை எழுத்துகளின்மேல் தம் பெயரைக் கீறாதிருப்பதும், தேவையற்ற விளக்கை அணைப்பதும் அங்கு செய்யத்தக்கவை. ஊர் திரும்பியபின் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. தன் நகரின் வீணான ஒளியைக் குறைக்க முயல்பவர், பாலைவனத்தில் பெற்ற இருளைத் தன் அயலாருக்கு விருந்தாக அளிப்பவராவார். அயலூர் செல்ல வசதியற்ற சிறுவனொருவன் தன் முற்றத்திலிருந்தே பால்வீதியைக் காண்பானாயின், விருந்தின் சங்கிலி அறுபடாது தொடர்கின்றதெனலாம்.

பயணி கண்விழிக்கும் வேளையில் விண்மீன்கள் மறைந்துவிடுகின்றன. அவருக்கு முன்னரே எழுந்த ஒருவர் குளிரில் அமர்ந்து நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கின்றார். இரவு கற்பித்தது யாதென்பது, பயணி அவரை எங்ஙனம் நோக்குகின்றார் என்பதிலேயே வெளிப்படும்.