கடலில் ஏது கோடு?

"புதுக்கோட்டைக்கு ஏது கடல்?" சொந்த ஊரைச் சொல்லும்போதெல்லாம் இக்கேள்வி என்னை எதிர்கொண்டிருக்கிறது. கேட்பவர்மீது குற்றமில்லை. 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என நீளும் எங்கள் கரை தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1974 ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோதுதான் அவ்வூருக்குக் கடல் வாய்த்தது. எங்களுக்குப் புதிய முகவரி வாய்த்தது.

என் பாட்டனார் அம்முகவரியை இறுதிவரை ஏற்கவில்லை. "நாம தஞ்சாவூர் ஜில்லா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வடக்கே கட்டுமாவடியைத் தாண்டினால் தஞ்சை. தெற்கே தொண்டியோ இராமநாதபுரம். ஒரே காற்று, ஒரே கருவாட்டு மணம், மாவட்டங்கள் மட்டும் மூன்று. ஆற்றின் பெயரிலும் குழப்பந்தான். எங்கள் வெள்ளாறு மணமேல்குடிப் பக்கம் கடலில் கலக்க, அதே பெயருடைய மற்றோர் ஆறு பரங்கிப்பேட்டையருகே கலக்கிறது. முற்காலத்தில் சோழநாட்டையும் பாண்டிநாட்டையும் பிரித்தது எங்கள் வெள்ளாறு என்பர். கோடையில் அப்பேரெல்லையை நாங்கள் கால் நனையாமலே கடந்திருக்கிறோம்!

இக்குழப்பங்களால் யாருக்கும் தீங்கில்லை. பாட்டனார் சொன்னதைப் பொய்யென்றும் நான் கருதவில்லை.

ஆனால் அதே 1974இல், ஜூன் மாதத்தில், நீரிலும் ஒரு கோடு விழுந்தது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையால் கச்சத்தீவு கோட்டுக்கு அப்பாற்பட்டதாயிற்று. நிலத்துக் கோட்டில் தவறியவன் பேருந்துக் கட்டணத்தை இழக்கிறான். நீர்க்கோட்டைக் கடந்தவன் படகை இழந்து சிறையும் காண்கிறான். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் அத்துயரை அறியாத தெரு அரிது.

"கடலில் ஏது கோடு?" என்று கேட்பது எங்கள் வழக்கம். பாய்மரக் காலத்தில் அது நேர்மையான கேள்வி. இன்றோ விசைப்படகில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. காற்றும் இயந்திரக் கோளாறும் இழுத்துச் செல்ல, அறியாமல் கடப்பவர் உண்டு. அறிந்தே கடந்துவிட்டு அறியாமையைச் சாட்சிக்கு அழைப்பவரும் உண்டு. இருவரின் நிய்யத்தும் ஒன்றாகுமா? பின்னவரின் சொல்லால் முன்னவரின் உண்மையும் செல்லாக்காசாகிறது. கோட்டுக்கு அப்பால், போர் ஓய்ந்த 2009க்குப் பிறகு மீண்டும் கடலுக்கு வந்த தமிழ் மீனவன் இருக்கிறான். நம் இழுவைமடி அறுப்பது அவனது வலையை. கடன் வாங்கிப் படகு விட்டவனிடம் இதைச் சொல்வது, கரையில் அமர்ந்து எழுதும் எனக்கு எளிது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அண்மையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, உறவினர் ஒருவர் தம் படகின் கருவியைக் காட்டினார். கோடு எங்கே என்றேன். தயங்காமல் திரையில் விரலை வைத்தார். பின்னர் என் முகத்தைப் பார்த்தார்; கருவியை அணைத்தார். "வாங்க மச்சான், தேத்தண்ணி குடிப்போம்" என்று படகைவிட்டு இறங்கினார்.