வலியும் நலனும்

மரத்திற்கு வலிக்குமா? இராசபாளையத்து மாந்தோப்புகளில் கிளை கழிக்கப்படும்போதும், திருவில்லிபுத்தூர் செல்லும் வழியில் சாலையோர மரத்தில் விளம்பரப் பலகை அறையப்படும்போதும் எழ வேண்டிய வினா இது.

தாவரத்திற்கு ஊட்டமும் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் உண்டு. புலனுணர்வு இல்லை என்றார் அரிஸ்டாட்டில். புனித தாமஸ் அக்குவினாசும் அவ்வழியே சென்றார். நம் தொல்காப்பியமோ புல்லுக்கும் மரத்திற்கும் தொடுவுணர்வாகிய ஓரறிவு உண்டு என வகுத்தது.

இன்றைய அறிவியல் தொல்காப்பியத்தின் பக்கம் சற்றே சாய்கிறது. தாவர உயிரணு தன் உட்பாய்மத்திலிருந்து கால்சியத்தை இடைவிடாது வெளியேற்றுகிறது. உள்ளிருக்கும் அளவு வெளியிலிருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. காயம் பட்டதும் சவ்வின் வாயில்கள் திறக்க, கால்சியம் உட்புகுகிறது. கால்மோடுலின் போன்ற புரதங்கள் அதனைப் பற்றி, வடிவம் மாறி, தற்காப்பைத் தூண்டுகின்றன. உள்ளே அமைதி காக்கப்படுவதால்தான் சிறு சலனமும் செய்தியாகிறது.

கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிசில் டொயோட்டா, கில்ராய் குழுவினர் இதனை ஒளிரச் செய்து கண்டு, 2018-இல் வெளியிட்டனர். புழு ஓர் இலையைக் கடித்ததும் காயத்தில் குளூட்டமேட் கசிந்தது. கால்சியம் அலை நொடிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில் பரவியது. சில நிமிடங்களில், கடிபடாத இலைகளும் தற்காப்பிற்கு ஆயத்தமாயின.

இது வலியா? அன்று. நரம்பும் மூளையும் அற்ற செடி துன்புறுகிறது என்பதற்கு இச்சைகை சான்றாகாது. காயத்தை அறிதல் வேறு. காயத்தால் வருந்துதல் வேறு.

அவ்வாறாயின் செடியை நாம் எதுவும் செய்யலாமோ? மயக்கமருந்தில் கிடப்பவருக்கும் வலியில்லை. ஆயினும் தேவையின்றி அவர்மீது கத்தி வைப்பது தீமையே. மரம் மனிதருக்கு ஈடன்று என்பது உண்மை. எனினும், வலி ஒன்றே அறத்தின் அளவுகோல் அன்று என்பது இதனால் விளங்கும். கல்லை உடைத்தால் கல்லுக்கு இழப்பென ஒன்றில்லை. தன்னைக் காத்துக்கொள்ள முனையும் செடிக்கோ தனக்கென ஒரு நலன் உண்டு. நலன் உள்ள இடத்தில் ஊறும் உண்டு. ஊறு செய்பவர் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்.

உணவுக்காகக் கீரையைக் கிள்ளுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. மாங்கிளையைக் கழிப்பவர் ஒளியும் காற்றும் உட்புக வழிசெய்கிறார். அதற்கும் காரணம் உண்டு. மரத்தில் ஆணி அறைபவரிடம் என்ன காரணம் உண்டு? பலகையைத் தாங்க ஒரு கம்பம் போதுமன்றோ!