தூய மின்சாரமும் தூய செவியும்

ஒரு பொருள் நமக்கு இன்பம் தருகின்றது. அவ்வின்பத்திற்குக் காரணம் அப்பொருள்தானா, அப்பொருளைப் பற்றி நாம் முன்னரே கொண்ட எண்ணமா? இவ்வினா தத்துவ நூல்களில் தொன்றுதொட்டு ஆராயப்பட்டு வருவது. ஆயினும் இல்லங்களுக்குள் இது தத்துவமாக நுழைவதில்லை, விலைச்சீட்டோடு நுழைகின்றது. என் தங்கை மகனின் இல்லத்தில் இது ஒரு மின்கலப் பெட்டியின் உருவில் வந்து சேர்ந்தது.

அவன் சென்னையில் வசிப்பவன். கருநாடக இசையில் தோய்ந்தவன். நல்ல ஆம்ப்ளிஃபையர் ஒன்று, ஆளுயரத்தில் பாதியளவு ஸ்பீக்கர்கள் இரண்டு, இசைத்தட்டுச் சுழலி ஒன்று எனப் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கின்றான். அண்மையில் ‘போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்’ எனப்படும் கைப்பெட்டி ஒன்றை வாங்கி, இசைக் கருவிகள் அனைத்தையும் அதனோடு இணைத்துவிட்டான். சுவரிலிருந்து வரும் மின்சாரம் மாசுடையது, மின்கலத்தினின்று வருவது தூயது, இசை இப்பொழுதுதான் தெளிவாக ஒலிக்கின்றது என்பது அவன் கட்சி. எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை, அந்தப் பணத்தில் சமையலறை மேடையைச் சீர்படுத்தியிருக்கலாம் என்பது அவன் மனைவியின் கட்சி. “பெரியம்மா, நீங்கள் அறிவியல் ஆசிரியை, நீங்களே சொல்லுங்கள்” என்று இருவரும் என்னிடம் வந்தனர். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்க்கு நடுவர் பதவியினின்று மட்டும் ஓய்வில்லை போலும்!

இஃது ஒருவனுடைய தனி விருப்பம் என்று எண்ணிவிடலாகாது. ஜப்பானில் இசை அன்பர் சிலர் தம் வீட்டு முற்றத்தில் தமக்கெனத் தனி மின்கம்பமும் மின்மாற்றியும் நிறுவிக்கொண்ட செய்தியை 2016ஆம் ஆண்டு அமெரிக்க நாளேடு ஒன்று விரிவாக வெளியிட்டது. ஜெர்மனியில் ஸ்ட்ரோம்டாங்க் என்னும் பெயரில் இசைக் கருவிகளுக்கென்றே பெரிய மின்கல நிலையங்கள் செய்து விற்கின்றனர். அவற்றின் விலையைக் கேட்டால் நம்மூரில் ஒரு மனை வாங்கும் நினைவு வரும். எளிய விலையில் கிடைக்கும் கைப்பெட்டியை அதே நோக்கத்திற்குப் பயன்படுத்துவோர் பல நாடுகளிலும் பெருகியுள்ளனர்.

முதலில் ‘மாசு’ என்பது யாதெனப் பார்ப்போம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. திசை மாறி மாறி, நொடிக்கு 50 முழுச் சுழற்சிகளாக அலைபோல் வருவது. குளிர்பதனப் பெட்டியும், எல்.இ.டி. விளக்கும், கைப்பேசி மின்னேற்றியும் அந்த அலையில் சிறு சிறு சிராய்ப்புகளை உண்டாக்குகின்றன. ஆகவே அவன் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஆம்ப்ளிஃபையர் அந்த அலையை அப்படியே பயன்படுத்துவதில்லை. உள்ளே உள்ள மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்கின்றது. திருத்தி அதனை ஒரே திசையில் செலுத்துகின்றது. பெரிய மின்தேக்கிகள் மேடு பள்ளங்களை நிரவுகின்றன. நன்கு வடிவமைத்த கருவியில் மாசின் பெரும்பகுதி இவ்வாயிலிலேயே நின்றுவிடும்.

மின்கலப் பெட்டியிலோ விந்தையான சுற்றுவழி ஒன்று உள்ளது. அதனுள் இருக்கும் கலங்கள் தருவது நேர்திசை மின்னோட்டம். ஆம்ப்ளிஃபையருக்கு இறுதியில் வேண்டுவதும் அதுவே. ஆயினும் பெட்டியிலுள்ள இன்வர்ட்டர், மிக விரைவான சுவிட்சுகளால் அதனை வெட்டி அடுக்கி, மாறுதிசை மின்னோட்டமாக மாற்றி வெளியே அனுப்புகின்றது. ஆம்ப்ளிஃபையர் மறுபடியும் அதனை நேர்திசையாக்குகின்றது. தெளிந்த நீரைக் கலக்கி, பின்னர் வடிகட்டுவது போன்றது இது. அந்த விரைவான வெட்டுதலும் தன் பங்குக்கு ஒரு மாசினை உண்டாக்கும். சிறிய கருவிகள் சில நேர்திசை மின்னோட்டத்தை நேரடியாகவே ஏற்கும். அவற்றை மின்கலத்தில் இயக்குவது நேர்வழி. அது வேறு.

இன்னொரு செய்தி: பெட்டி நிறைவது சுவர் மின்சாரத்தால்தான். நிரப்பும்போது ஒரு பகுதி வெப்பமாக இழக்கப்படும். எடுக்கும்போது இன்னொரு பகுதி. தூய்மை தேடிய வழியில் மின்செலவு கூடுகின்றது. அவனுடைய பெட்டி 1000 வாட் மணி கொள்ளளவுடையது. மின்வாரியக் கணக்கில் அது ஒரே ஒரு யூனிட்!

இத்தனையும் கேட்ட பிறகு, “ஆனால் பெட்டியில் இணைத்ததும் அந்த ‘உம்’ ஒலி நின்றுவிட்டதே, பெரியம்மா?” என்றான். அவன் சொன்னது முழு உண்மை. சுவரில் இணைத்தால் ஸ்பீக்கரில் மெல்லிய முரல்வு ஒன்று இடைவிடாது கேட்டது. பெட்டியில் இணைத்தால் இல்லை. அவன் மனைவியும் அதனை ஒப்புக்கொண்டாள். காரணம் வேறிடத்தில் இருந்தது. ஆம்ப்ளிஃபையர் ஒரு சுவரிலும், அதனோடு கம்பியால் பிணைத்த கணினி எதிர்ச்சுவரிலும் மின்சாரம் பெற்றன. இரு பொருத்துவாய்களின் நில இணைப்பும் ஒரே நிலையில் இல்லாவிடில், இணைப்புக் கம்பி வழியே சிறு மின்னோட்டம் சுழலும். அதுவே முரல்வாகக் கேட்கும். மின்கலப் பெட்டி சுவரோடு தொடர்பில்லாமல் நிற்பதால் அச்சுழல் அறுபட்டது. மின்பணியாளரை அழைத்துப் பார்த்ததில் ஒரு பொருத்துவாயின் நிலக்கம்பி தளர்ந்திருந்தது தெரிந்தது. அதனை இறுக்கி, கருவிகளை ஒரே இடத்தில் இணைத்ததும் சுவர் மின்சாரத்திலும் முரல்வு நின்றது. முரல்வை நிறுத்துவதற்காகச் செருகியின் மூன்றாவது கம்பியை வெட்டிவிடும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு; அஃது உயிருக்கே கேடு விளைவிக்கும், ஒருபோதும் செய்யலாகாது.

முரல்வு நீங்கிய பின்னும் அவன், பெட்டியில் இயங்கும்போது சுரங்களுக்கிடையே உள்ள அமைதி ஆழமாக இருக்கின்றது என்றான். சோதித்துப் பார்ப்போமே என்றேன். கருவிகளைத் துணியால் மறைத்தோம். அவன் மனைவி நாணயம் சுண்டி, தலை விழுந்தால் பெட்டியிலும் பூ விழுந்தால் சுவரிலுமாக மாற்றி மாற்றி இணைத்தாள். அவ்வேளையில் நானும் அவனும் அடுத்த அறையில் இருந்தோம். ஒரே வீணை இசைத்தட்டின் ஒரே பகுதி, பத்து முறை. ஆறு முறை சரியாகச் சொன்னான்.

“பார்த்தீர்களா!” என்றான் அவன். “பார்த்தீர்களா!” என்றாள் அவளும். இருவரும் ஒரே எண்ணைத் தத்தமக்குச் சான்றாகக் கொண்டனர். உண்மையில் ஆறு என்னும் எண் எவர்க்கும் சான்றாகாது. ஒன்றுமே கேளாமல் வாய்க்கு வந்ததைச் சொல்பவரும், பத்துக்கு ஆறோ அதற்கு மேலோ சரியாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 38 அளவில் உண்டு. வேறுபாடே இல்லை என்பதும் இதனால் மெய்ப்படவில்லை. ஒவ்வொரு மாற்றத்திற்கும் கருவியை அணைத்து ஏற்ற வேண்டியிருந்தது. நுண்ணொலியின் நினைவோ சில நொடிகளில் மங்குவது. அறியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள இடைவெளியை மாணவர்க்கு விளக்குவதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. குடும்பத்தினர்க்கு விளக்குவது அதனினும் கடினம்.

அதன் பின்னரே அவன் அறவினாவைக் கேட்டான்: “எண்ணத்தாலேயே எனக்கு இன்பம் மிகுகின்றது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்பம் வந்தது மெய்தானே? அதனைப் பொய்யென்று எப்படிச் சொல்வீர்கள்?”

பொய்யென்று நான் சொல்லமாட்டேன். பித்தளைத் தம்ளரில் குடித்தால்தான் காபி சுவைக்கின்றது என்பவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை. ஆனால் ‘எனக்கு இனிக்கின்றது’ என்பது ஒரு கூற்று. ‘இப்பெட்டி இசையை மேம்படுத்துகின்றது, நீயும் வாங்கு’ என்பது பிறிதொரு கூற்று. முன்னது அவன் உள்ளத்தைப் பற்றியது. பின்னது உலகத்தைப் பற்றியது. பிறருடைய பணப்பையைப் பற்றியதும் ஆகும். முன்னதைச் சொல்லும் உரிமை பின்னதற்குச் செல்லாது. வணிகர் செய்யும் தவறு பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைப்பதே. நண்பர்கள் வட்டத்தில் நல்லெண்ணத்தோடு பரிந்துரைப்பவரும் அதே தவற்றைச் செய்கின்றனர். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாமையும் வாய்மையின் பகுதியே என்றேன். அவன் தன் நண்பர் இருவர்க்கு முன்னரே பரிந்துரைத்துவிட்டதை அப்போதுதான் வெளியிட்டான். அவர்களிடம் முரல்வின் கதையையும் பத்துக்கு ஆறையும் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டான்.

‘தூயது’ என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது எண்ண வேண்டும். தூய்மையைத் தேடுவோர்க்கு எல்லை என்பது தானாக வருவதில்லை. கம்பி மாறும், பின்னர் பெட்டி, பின்னர் பெரிய பெட்டி. ஒவ்வொன்றும் அதற்கு முன்னிருந்ததை மாசாக்கிவிடும். நம் இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட நோன்புகளுள் பொருள் வரைதலும், போக உபபோக அளவும் இங்கே நினைவுக்கு வருகின்றன. ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்வது போகம். மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். சுவர் மின்சாரத்தில் இவ்விரண்டும் கலந்து மறைந்துவிடுகின்றன. ஆம்ப்ளிஃபையர் கண்ணுக்குத் தெரிகின்றது. அஃது உண்ணும் மின்சாரம் இரண்டு திங்களுக்கொருமுறை கட்டணச் சீட்டில் மட்டும் தலைகாட்டுகின்றது. பெட்டியிலோ எண் நம் கண்முன்னரே இறங்குகின்றது. அவனுடைய கருவிகள் ஏறத்தாழ 50 வாட் எடுப்பவை. இன்வர்ட்டர் இழப்புப் போக ஒரு நிறைவு பதினேழு மணி நேரம் அளவில் வரும். அறையில் ஒருவரும் இல்லாதபோதும், பாட்டு நின்ற பின்னும் எண் இறங்குவதை அவன் கண்டான். எழுந்து போகும்போது அணைக்கும் பழக்கம் அவனுக்கு வந்தது இதனால்தான். இசையைத் திருத்தவென்று வாங்கிய பெட்டி கேட்பவனைத் திருத்தியது என்று அவன் மனைவி சொல்கின்றாள். விலை சற்று மிகுதி என்றும் சொல்கின்றாள்.

வரலாற்றையும் ஒரு சொல்லில் குறிக்கலாம். 1920களில் வானொலிப் பெட்டிகள் மின்கலங்களாலேயே இயங்கின. அவை தீர்வதும் கசிவதும் பெருந்தொல்லை. 1925இல் கனடாவில் எட்வர்டு ரோஜர்ஸ் மின்கலமில்லாமல் வீட்டு மின்சாரத்திலேயே இயங்கும் வானொலியை வெளியிட்டபோது, மின்கலம் இல்லை என்பதே அதன் பெருமை. நூறாண்டு கழிந்து மின்கலம் உண்டு என்பது பெருமையாகிவிட்டது.

பெட்டியின் உள்ளே இருப்பதையும் கேட்க வேண்டும். கொபால்ட் கலந்த லித்தியம் கலங்கள் முன்னர்ப் பெருவழக்கு. உலகக் கொபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்து வருகின்றது; அங்கே சிறுவரும் கையால் தோண்டும் அவலம் பலமுறை வெளிப்பட்டுள்ளது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகையில் கொபால்ட் இல்லை. குட்இனஃப் என்னும் அறிஞரின் ஆய்வுக்குழு 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இதனை வெளியிட்டது. அவர் 2019இல் நோபல் பரிசு பெற்றவர். இவ்வகைக் கலங்கள் ஈராயிரம் மூவாயிரம் முறை நிரப்பி எடுக்கத் தாங்குவன. வாங்குவோர் இவ்வகையைக் கேட்டு வாங்குவது நன்று. ஆயுள் முடிந்ததைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாகாது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்துள்ளன.

இவையெல்லாவற்றினும் கடினமான வினாவை எழுப்பியவள் அவன் மனைவி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் தென்பகுதிகள் பலவற்றில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அவர்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டு முதியவர் இப்பொழுது ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையோடு இருக்கின்றார். அக்கருவி 300 வாட் அளவில் எடுக்கும். பெட்டி நிறைந்திருந்தால் மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். வேறு உருளை கொண்டுவர அது போதும். இரவெல்லாம் கச்சேரி கேட்டுப் பெட்டியில் கால்பங்கே எஞ்சியிருக்கையில் மின்சாரம் நின்றால்? பெட்டி அவனுடையது, முதியவர் வீட்டார் அதனைக் கேட்டதுமில்லை. ஆகவே அவனுக்குக் கடமை ஒன்றுமில்லை என்று வாதிடலாம். அவள் அப்படி விடவில்லை. உயிர் காக்கும் பொருள் கையில் இருப்பதை அறிந்த பிறகு, அறியாதவர்போல் அதனைச் செலவிடும் உரிமை உண்டா என்று கேட்டாள்.

நான் விடை சொல்வதற்குள் அவன் எதிர்வீட்டிற்குப் போய்ச் செறிவூட்டியின் செருகி இப்பெட்டியில் பொருந்துமா என்று பார்த்து வந்தான், பொருந்துகின்றது. இப்பொழுது பெட்டியின் எண் 60க்கு இறங்கியதும் கருவிகளைச் சுவருக்கு மாற்றிவிட்டுப் பெட்டியை நிரப்பத் தொடங்கிவிடுகின்றான். 80 என்று வைக்க வேண்டும் என்பது அவள் கருத்து. அதுபற்றி இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனர்.