எதிரணி ஊருக்குப் போகும் பேருந்து

செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில், பாறை முகத்தில் வரிசைக்குப் பன்னிரண்டாக 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அதே குன்றில் இருக்கிறது. சோறு, உடம்பு, ஊர், பேர் என எல்லாப் பற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்த மனிதர் அவர். அந்தக் குன்றுக்குப் பக்கத்துச் சாலைகளில்தான் அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்கும், பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. பற்றை விடச் சொல்லும் வழியும், ஒன்றை இறுகப் பற்றச் சொல்லும் வழியும் இந்த மண்ணில் வெகுகாலமாக அருகருகே இருக்கின்றன. தன் அணிக்காக வண்டி பிடித்து வெளியூர் மைதானத்துக்குப் போகும் கால்பந்து ரசிகனை இவற்றில் எந்தப் பக்கம் வைப்பது? பற்றின் மிக அற்பமான வடிவம் என்று தள்ளிவிடுவது சுலபம். அப்படித் தள்ளக்கூடாது என்பது என் கருத்து. அந்தப் பயணம் பற்றைப் பண்படுத்துகிறது. உள்ளூர் ஆட்டம் அதைச் செய்வதில்லை.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்த ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். லீக் பட்டியலில் பெங்களூரு எஃப்.சி. 40 புள்ளிகளோடு முதலிடம், சென்னையின் எஃப்.சி. 32 புள்ளிகளோடு அதற்கு அடுத்த இடம். ஆட்டம் பெங்களூரின் சொந்த மைதானத்தில். சென்னையிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ போன்ற சென்னை ரசிகர் குழுக்களைச் சேர்ந்த ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தால் அவரைச் சுற்றி இருப்பது அடுத்தவர் கூட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டபோது அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரருக்கு ஓர் உண்மை பளிச்சென்று படுகிறது: என் அணிமேல் எனக்கு என்ன பாசமோ, அதே பாசம் இவர்களுக்கு இவர்கள் அணிமேல் இருக்கிறது. சொந்த ஊரில் உட்கார்ந்து பார்க்கும்போது எதிரணி ரசிகர் என்பவர் ஒரு மூலையில் தெரியும் சிறு கும்பல். அவர் ஊருக்குப் போனால், அப்பாவோடும் பிள்ளைகளோடும் வந்த மனிதராகத் தெரிகிறார். அன்று மெய்ல்சன் இரண்டு கோலும் ரஃபேல் அகுஸ்தோ ஒரு கோலும் அடிக்க, சென்னை 3-2 என்று வென்றது. வெற்றிக் களிப்பையும் அழும் முகங்களுக்கு நடுவேதான் கொண்டாடியாக வேண்டும். அதில் வரும் கூச்சத்தை நான் மதிக்கிறேன்.

இதைக் கோயில் பயணத்தோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கூட்டமாகப் போவது, ஒரே நிறத்தில் உடுப்பது, வழியெல்லாம் பாடுவது என்று வெளித்தோற்றம் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் மேல்மலையனூருக்குப் போகிறவருக்குத் தரிசனம் நிச்சயம். அவர் அம்மனுக்கு எதிராக இன்னொரு கூட்டம் அங்கே நிற்பதும் இல்லை. ரசிகருக்கோ எந்த உறுதியும் கிடையாது. நள்ளிரவுக்கு மேல், தோற்ற அணியின் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய உடம்போடு திரும்ப நேரலாம் என்று தெரிந்தேதான் அவர் வண்டி ஏறுகிறார். வேண்டுதல் இல்லை, பலன் இல்லை, பாவநிவர்த்தி இல்லை. ஆகவே இதைப் போலிச் சமயம் என்பது தவறு. சமயம் தரும் எதையும் இது தருவதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை.

வெளியூர்ப் பயணத்துக்கு எதிரான வலுவான வாதம் வன்முறைதான். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வர, பெரும்பாலும் யுவென்டஸ் ரசிகர்களாக 39 பேர் மாண்டார்கள். பாய்ந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். இதை மழுப்ப முடியாது. விருந்தாளியாகப் போக வேண்டிய இடத்துக்குப் படையெடுத்துப் போனதன் விலை அது. ஆனால் வெளியூர் ரசிகரை வரவிடாமல் தடுத்தால் பகை தீருமா? 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் அரேமா அணியும் பெர்செபயாவும் மோதின. கலவரத்துக்குப் பயந்து பெர்செபயா ரசிகர்களை அனுமதிக்கவே இல்லை. தங்கள் அணி தோற்றதும் உள்ளூர்க்காரர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள்; காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது; வாசல்களில் நெரிபட்டு 135 உயிர்கள் போயின. எதிரணி ரசிகர் ஒருவர்கூட இல்லாத அரங்கில் நடந்தது இது. அர்ஜென்டினாவும் 2013 முதல் வெளியூர் ரசிகர்களைத் தடுத்துப் பார்த்தது. அங்கும் வன்முறை ஓயவில்லை.

கொல்கத்தா இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மோதியதில் 16 பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் அதே இரு அணிகளின் டூரண்ட் கோப்பை ஆட்டம் ரத்தானபோது, ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு இரு தரப்பு ரசிகர்களும் சால்ட் லேக் அரங்கின் வெளியே ஒன்றாக நின்று தடியடி வாங்கினார்கள். ஆண்டாண்டாக எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தவர்களுக்குத்தான் அது முடியும்.

சந்திரநந்தியிடமிருந்து வரக்கூடிய ஆட்சேபம் இதைவிட ஆழமானது. பிறந்த ஊர் என்ற ஒரு தற்செயலுக்காக மனிதர் தம் மனத்தைக் கட்டிப்போடலாமா? சென்னையில் பிறந்தவர் கொச்சியில் பிறந்திருந்தால் அந்த ஊர் அணியின் மஞ்சள் சட்டை போட்டிருப்பார். உண்மைதான். ஆனால் தாயும் தாய்மொழியும் நாம் தேர்ந்தெடுத்து வந்தவை அல்ல. அதனால் அவற்றின்மீதுள்ள அன்பு பொய்யாகிவிடாது. அந்த அன்பு, தான் தற்செயலாக வந்தது என்பதை மறந்து, உலகத்துக்கே அளவுகோலாகத் தன்னை நினைக்கும்போதுதான் கேடு. அந்த மறதியை உடைக்க, அடுத்தவர் மைதானத்தில் தொண்ணூறு நிமிடம் சிறுபான்மையாக உட்கார்வதைவிட எளிதாகக் கிடைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. குன்றேறி எல்லாவற்றையும் விட ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இயலும். மற்றவர்கள் பற்றோடுதான் வாழ்ந்தாக வேண்டும். தோல்வியைத் தாங்கவும் அடுத்தவர் மகிழ்ச்சியைச் சகிக்கவும் அந்தப் பற்றைப் பழக்கலாம்.

ஆகவே கால்பந்துக் கழகங்களுக்கும் காவல்துறைக்கும் ஒரு வேண்டுகோள்: வெளியூர் ரசிகர்களுக்கான இருக்கைகளைப் பாதுகாப்பு என்ற பெயரில் மூடிவிடாதீர்கள். வாசலை அகலமாக்குங்கள், தண்ணீர் வையுங்கள், ஆட்டம் முடிந்ததும் அவர்கள் பேருந்து பத்திரமாகக் கிளம்ப வழி விடுங்கள்.