காலி செய்யச் சொல்லும் முறை

ஸ்ரீரங்கத்தில் இருபது வருடமாக ஒரே போர்ஷனில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டா? உண்டு. வெளியூரிலிருந்து மகன் குடும்பத்தோடு திரும்பி வரலாம். காரைச் சுவர் ஒழுகி, இடித்துக் கட்ட வேண்டியிருக்கலாம். வைத்தியச் செலவுக்கு விற்க நேரலாம். இதில் எதுவும் குற்றமில்லை. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். போன மாதம் வந்தவருக்கும் அதே 15 நாள், பிள்ளைகளை அந்த வீட்டிலேயே வளர்த்து ஆளாக்கியவருக்கும் அதே 15 நாள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை நீதிமன்றத்தையும் கொண்டுவந்தது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை விரட்டக் கூடாது என்றது. நல்லதுதான். ஆனால் ஜெர்மனியில் குடியிருந்த காலம் கூடக்கூட வீட்டுக்காரர் தரவேண்டிய அவகாசமும் கூடுகிறது: முதலில் 3 மாதம், ஐந்து வருடம் கடந்தால் 6, எட்டு வருடம் கடந்தால் 9. வாடகைக்காரர் தாமாகக் கிளம்ப எப்போதும் 3 மாதமே. நெடுங்காலம் இருந்தவருக்குக் கூடுதல் கடமை உண்டு என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. இங்கே அதை வீட்டுக்காரரின் மனசாட்சிதான் செய்ய வேண்டும்.

அவகாசம் எத்தனை மாதம் என்பது பாதிதான். எந்த மாதங்கள் என்பது மீதி. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டார்கள். புரட்டாசியையும் பல வீடுகளில் ஒதுக்குவார்கள். ஆனிக் கடைசியில் ‘மூணு மாசம் டைம்’ என்று சொன்னால், உண்மையில் கிடைப்பது ஆவணி ஒன்றுதான். சாஸ்திரம் பார்க்காதவருக்கும் இதே கதிதான். மற்றவர்கள் காலி செய்யாத மாதத்தில் அவருக்கு எங்கே வீடு கிடைக்கும்? பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளை இருந்தால் பங்குனியும் போயிற்று. தை பிறந்ததும் சொல்லி, வைகாசி வரை விடுவது கௌரவமான கணக்கு. முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் அடங்கிய ஊர் ஸ்ரீரங்கம். வேண்டிய தெருவில் வேண்டிய வாடகைக்கு வீடு உடனே அமையாது. முக்கொம்புச் சாலையில் ஜீயபுரம் பக்கம் தள்ளிப் போகலாம் என்பவர், பள்ளிக்கும் வேலைக்கும் தினமும் ஆகும் பஸ் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அட்வான்ஸ். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஆனால் புது வீட்டுக்காரர் முதல் நாளே அட்வான்ஸ் கேட்பார். வாடகைக்காரரிடம் இருப்பதோ பழைய வீட்டில் முடங்கிய அந்தப் பணம் மட்டும். நடுவில் உள்ள அந்த ஒரு மாதத்துக்கு அவர் வட்டிக்கு வாங்குகிறார். புது வீடு முடிவானதுமே பாதியையாவது கையில் கொடுப்பதுதான் முறை. இருபது வருடத்தில் சுவர் மங்கியதற்கு வெள்ளையடிக்கும் செலவைப் பிடிப்பது அநியாயம். அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வாடகை வந்தது.

காரணம் உண்மையாக இருக்க வேண்டும். ‘பையனுக்குக் கல்யாணம்’ என்று சொல்லிக் காலி செய்யவைத்து, இரண்டே மாதத்தில் கூடுதல் வாடகைக்கு வேறொருவரை வைப்பது பச்சைத் துரோகம். சொந்தக் குடியிருப்புக்கு என்று காலி செய்து வாங்கிய வீட்டில் ஒரு மாதத்துக்குள் குடியேறாவிட்டால், பழைய வாடகைக்காரர் அதைத் திரும்பக் கேட்க தமிழ்நாட்டின் பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வழி வைத்திருந்தது. வாடகை போதவில்லையென்றால் அதையே சொல்லலாம். கூடுதல் தொகைக்கு முதல் வாய்ப்பு, இருப்பவருக்குத்தான். புரோக்கர் ஆள் கூட்டிவந்து வீட்டைக் காட்டும்போது அவருக்கு விஷயம் தெரியவருவது போன்ற அவமானம் வேறில்லை. நேரில் போய்ச் சொல்லி, பிறகு தேதியிட்டு எழுதியும் கொடுக்க வேண்டும்.

வாடகைக்காரருக்கும் கடமை உண்டு. கணவரை இழந்த மூதாட்டி அந்த ஒரு வாடகையில் பிழைக்கும்போது, பழைய தொகையையே பிடித்துக்கொண்டு வழக்கில் காலம் கடத்துவது நியாயமாகாது. அப்படி இழுத்த வழக்குகளைக் கண்ட பயத்தாலும் பலர் பதினொரு மாதத்துக்கு மேல் எழுத மறுக்கிறார்கள்.

மனை ஒருவருடையது, வீடு இன்னொருவருடையது என்றால் சிக்கல் இன்னும் ஆழமானது. ஸ்ரீரங்கத்தின் அடிமனைத் தகராறு அப்படிப்பட்டது. தலைமுறைகளாக வீடு கட்டி வாழும் மனைமீது கோயில் உரிமை கோருகிறது. இந்த மாதிரி நிலைக்காக எழுந்ததுதான் 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். வழக்குக்கு மூன்று மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். கட்டடத்துக்கும் மரங்களுக்கும் தரப்போகும் ஈட்டுத்தொகை இவ்வளவு என்று அந்த நோட்டீஸிலேயே குறிக்க வேண்டும். 1996-இல் வந்த திருத்தம் கோயில் மனைகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. அறநிலையம் என்ற பெயர் தாங்கிய இடத்துக்குத்தான் அந்தக் கடமை முதலில் பொருந்தும் என்று தோன்றுகிறது. நட்ட தென்னைக்கும் விலை சொன்ன பழைய நோட்டீஸில், போகிறவர் அந்த மண்ணில் என்ன விட்டுப் போகிறார் என்ற கணக்கு இருந்தது.

தனியாக வாழும் வயதானவருக்கு, கையில் பணம் இருந்தாலும் வீடு கொடுக்கத் தயங்குகிறார்கள். அவரிடம் தேதி சொல்வதற்கு முன் வீட்டுக்காரரே நாலு இடத்தில் விசாரித்து, தம் பெயரைச் சொல்லிப் பரிந்துரைக்கலாம். இருபது வருடம் வாடகை தவறாமல் வந்ததற்குச் சாட்சி அவர் ஒருவர்தான்.