நித்திரையும் கர்த்தருடைய ஈவே!



நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு விமான நிலையம் கிடையாது. ஆனாலும் விமானம் ஏறாத வீடு நம்ம சபையில் குறைவு. வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளைக் களியக்காவிளை வழியாய்த் திருவனந்தபுரம் கொண்டுபோய் விடுகிறோம், பெரும்பாலும் ராத்திரியில்தான். வீட்டில் முழங்காலிட்டு விசாவுக்காக, வேலைக்காக, காற்று மழைக்காக ஜெபிக்கிறோம். அந்த விமானத்தை ஓட்டுகிற மனுஷன் நல்லா உறங்கினானா என்று ஜெபித்தவர் யார்?

2010-ஆம் வருஷம் மே மாதம் 22-ந் தேதியை மங்களூர்க்காரர் மறக்கமாட்டார்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், போயிங் 737-800, துபாயிலிருந்து இரவு ஒரு மணி கழிந்து புறப்பட்டது. நம்ம நேரப்படி அதிகாலை இரண்டரை. காலை ஆறு மணி கழிந்து ஐந்து நிமிஷம், பஜ்பேயில் மலைமேல் மேஜைபோலிருக்கிற ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த 166 பேரில் 158 பேர் மரித்தார்கள். தப்பினவர்கள் 8 பேர்.

ஏர் மார்ஷல் கோகலே தலைமையில் விசாரணை நடந்தது. விமானி அறையின் ஒலிப்பதிவு 2 மணி 5 நிமிஷம் கிடைத்தது. அதில் முதல் 1 மணி 40 நிமிஷம் கேப்டன் உறங்கிக்கொண்டிருக்கிறார்! குறட்டைச் சத்தம் பதிவாயிருக்கிறது. அவர் அனுபவசாலி. பயணத்துக்கு முன் போதுமான ஓய்வும் அவருக்குக் கிடைத்திருந்தது என்று அறிக்கை சொல்லுகிறது. பின்னே ஏன்? நம்முடைய சரீரத்துக்குள் கர்த்தர் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார். இரவு இரண்டு முதல் காலை ஆறு வரை அது மிகவும் தாழ்ந்து ஓடும். பகலில் எவ்வளவு படுத்தாலும் அந்த நேரத்துக்கு முழுதும் தப்ப முடியாது. அந்த விமானம் பறந்த நேரம் ஏறக்குறைய அதே நேரம்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழும்பினவனுக்குக் கண் திறந்தாலும் புத்தி உடனே திறக்காது. கொஞ்ச நேரம் மந்தமாயிருப்பான். அந்த மந்தத்தில்தான் இறங்கினார்கள். விமானம் மிக உயரமாயும் மிக வேகமாயும் வந்தது. 8,033 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது.

பக்கத்தில் இருந்த துணை விமானி விழித்திருந்தார். இறங்க வேண்டாம், மேலே எழும்பிச் சுற்றிவருவோம் என்று மூன்று தரம் சொன்னார். கருவியும் எச்சரித்தது. கேப்டன் கேட்கவில்லை. நாகமானை நினைத்துப் பாருங்கள் (2 இராஜாக்கள் 5). கோபத்தோடே திரும்பிப் போன சேனாபதியைத் தடுத்து நிறுத்தினது யார்? அவனுடைய ஊழியக்காரர். அவன் கேட்டான், சுகமானான். சிறியவனுடைய வாயிலும் கர்த்தர் தப்புவிக்கும் வார்த்தையை வைப்பார்.

நம்ம நடுவில் ஒரு பேச்சு உண்டு. "ஆவியில் அனலாயிருக்கிறவனுக்கு ஒறக்கம் வராது" என்பார்கள். இது எந்த அதிகாரத்தில் இருக்கிறது? காட்டுங்கள், பார்க்கிறேன். கர்மேலில் அக்கினியை இறக்கின எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து உறங்கினான் (1 இராஜாக்கள் 19). தூதன் வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்றான், மறுபடியும் படுத்தான். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம் சாப்பிட்ட பிற்பாடுதான் நாற்பது நாள் பிரயாணம்.

நம் ஆண்டவரே படகில் தலையணையின்மேல் நித்திரையாயிருந்தாரே (மாற்கு 4)! ஆனால் கவனியுங்கள். அவர் உறங்கினபோது படகைச் செலுத்தினவர்கள் விழித்திருந்தார்கள். உறங்காமலும் தூங்காமலும் நம்மைக் காக்கிறவர் உண்டென்று 121-ஆம் சங்கீதம் சொல்லுகிறது. அது தேவனுடைய தன்மை, வேன் ஓட்டுகிற தம்பியின் தன்மை அல்ல. கண் சொக்குகிறபோது "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஆக்சிலேட்டரை மிதிப்பது விசுவாசமில்லை. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னவன் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

பவுல் அநேகந்தரம் கண்விழித்தாரே என்று சிலர் கேட்கலாம். மெய்தான். துரோவாவில் விடியுமட்டும் பேசினார். அன்றைக்கு ஜன்னலில் இருந்து உறங்கி விழுந்த ஐத்திகு என்கிற வாலிபனை ஒருவரும் திட்டினதாக எழுதியில்லை. விடிந்ததும் பவுல் ஆசோவுக்குக் கரைவழியாய்ப் போனார், மற்றவர்கள் கப்பலில் போனார்கள் (அப்போஸ்தலர் 20). அவர் பின்னால் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டிப் போகவில்லை!

அரசாங்கமும் மெதுவாய்ப் பாடம் படித்திருக்கிறது. 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புது விதிகளை வெளியிட்டது. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை என்றிருந்ததை ஆறு வரை நீட்டினார்கள். இரவில் ஆறு தரம் தரையிறங்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக அமலானது. டிசம்பரில் என்ன நடந்தது? இன்டிகோவில் போதிய விமானிகள் இல்லை. ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்து. ஜனங்கள் பெட்டியோடே தரையில் கிடந்தார்கள். உடனே அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளில் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். அவசரம் வந்தால் முதலில் வெட்டப்படுவது உறக்கக்காரனுடைய உறக்கம்தான். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கிற நம்ம சகோதரிகளைக் கேட்டுப்பாருங்கள், சொல்லுவார்கள்.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த மாத முழு இரவு ஜெபத்துக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வேன் ஓட்டுகிற சகோதரர்கள் பத்து மணி ஆராதனையோடே எழும்பி ஞாயிறு பள்ளி அறையில் படுத்துக்கொள்ள வேண்டும். பாயும் தலையணையும் அங்கே உண்டு. யாரும் அவர்களைத் துதிக்க எழுப்ப வேண்டாம். அதிகாலை நாலு மணிக்குக் கட்டஞ்சாயா கொடுத்தாலும் வண்டி ஏழு மணிக்குமேல்தான் எடுக்கப்படும். மேல்புறம், அருமனை போகிறவர்கள் அவசரப்படுத்தாதிருங்கள். வழியில் ஓட்டுகிறவர் இரண்டு தரம் கொட்டாவி விட்டால், முன்சீட்டில் இருப்பது சின்னப் பிள்ளையானாலும், "அண்ணே, வண்டிய நிறுத்துங்கோ" என்று சொல்லட்டும். ஒரு தரம் சொன்னாலே நிறுத்த வேண்டும் என்று ஓட்டுகிறவர்களிடம் பேசியாயிற்று.