நாலாயிரத்தில் ஒருவர்

க்ரூஸ் போகலாம் என்று முடிவெடுத்தவருக்கு அடுத்து வரும் கேள்வி, பெரிய கப்பலா சின்னக் கப்பலா என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் இது ரசனையும் பட்ஜெட்டும் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் புத்தகம் படிக்கிற நண்பர்கள் மத்தியில் இதைச் சொல்லிப் பாருங்கள், கேள்வி உடனே அறத்தின் பக்கம் சாய்ந்துவிடும். பெரிய கப்பல் என்றால் மிதக்கும் மால், பஃபே வரிசை, நுகர்வு வெறி. சின்னக் கப்பல் என்றால் மௌனம், திமிங்கிலம், இயற்கையின் மேல் மரியாதை. முதலாவதில் போகிறவர் டூரிஸ்ட், இரண்டாவதில் போகிறவர் பயணி.

டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1996-இல் ஹார்ப்பர்ஸ் இதழில் தன் கரீபியன் க்ரூஸ் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு பெரிய கப்பலைக் கிண்டல் செய்வது ஒரு குட்டி இலக்கிய மரபாகவே ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவர் போன 'ஸெனித்' கப்பல் சுமார் 47,000 டன்தான். இன்றைக்கு அதைப் பெரிய கப்பல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சின்னக் கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் உண்மையிலேயே அறம் இருக்கிறதா, இல்லை அறம்போலத் தெரியும் ரசனை மட்டும்தானா? இதைத்தான் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

*

பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும். அதனால் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். தென்கிழக்கு அலாஸ்கா. அதன் நடுவில் ஜூனோ என்ற ஊர். மாநிலத் தலைநகரம், மக்கள்தொகை சுமார் 32,000. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடற்கால்வாய். வெளியூரிலிருந்து ஜூனோவுக்குச் சாலையே கிடையாது. விமானத்தில் வர வேண்டும், இல்லையென்றால் கப்பலில். 2023-இல் மட்டும் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட க்ரூஸ் பயணிகள் அங்கே இறங்கியிருக்கிறார்கள். அதுவும் வருடம் முழுக்க இல்லை, ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள்.

இந்தக் கடலுக்கு வரும் இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 'நார்வீஜியன் பிளிஸ்'. 2018-இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது, சுமார் 1,68,000 டன். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கிட்டால் 4,004 பயணிகள். மேல்தளத்தில் கோ-கார்ட் பந்தயப் பாதை உண்டு. பனிப்பாறையைப் பார்க்கப் போகும் வழியில் கார் ஓட்டிக்கொண்டே போகலாம். மற்றொன்று, 'நேஷனல் ஜியாக்ரஃபிக் குவெஸ்ட்'. 2017-இல் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டப்பட்டது. 100 பயணிகள். பெரிய கப்பல் நுழைய முடியாத ஒடுங்கிய நீர்ப்பரப்புக்குள் போய், ரப்பர் படகில் ஆட்களைக் கரையில் இறக்கிவிடும். கட்டணம் பல மடங்கு.

ஒரு சின்னத் தகவல். கப்பலுக்குச் சொல்லப்படும் 'கிராஸ் டன்னேஜ்' எடை அல்ல. கப்பலுக்குள் மூடப்பட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவை வைத்துப் போடும் எண் அது. அதாவது 1,68,000 என்பது உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்கிறது. வெளியே, அது போய் நிற்கும் ஊரில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

*

சின்னக் கப்பலின் பக்கம் பேசுகிறவர்களின் வாதம் எளிமையானது. நூறு பேர் இறங்கினால் ஊருக்குத் தெரியாது, நாலாயிரம் பேர் இறங்கினால் ஊர் திணறும். ஆகவே நூறு பேரில் ஒருவராக இருப்பதே நல்லது.

இதைக் கான்ட்டின் உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். நான் செய்வதை எல்லோரும் செய்யும் விதியாக்கினால் அது தாங்குமா என்பது 1785-இல் அவர் வைத்த சோதனை. ஜூனோவுக்கு வந்த 16 லட்சம் பேரும் மனம் திருந்தி நூறு பேர் கப்பலில் வருவதாக வைத்துக்கொள்வோம். 16,000 நடைகள். அந்த ஏழு மாதத்துக்குள் தினமும் 70-க்கும் அதிகமான கப்பல்கள். இப்போது பெரிய கப்பல்கள் நாலைந்து துறைகளில் கூட்டத்தைக் குவிக்கின்றன. சின்னக் கப்பல்களோ, இன்றைக்கு கரடியும் கழுகும் மட்டும் இருக்கும் ஒவ்வொரு குடாவிலும் ரப்பர் படகை இறக்கும். எரிபொருளைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தாலும் சின்னக் கப்பல் தானாக ஜெயித்துவிடாது. எஞ்சினும் சமையலறையும் வெந்நீரும் நூறு தலைகளுக்குள்தானே பங்கு போட வேண்டும்?

ஆக, சின்னக் கப்பலின் அமைதி சின்னக் கப்பலால் வருவது அல்ல. மற்றவர்கள் அதில் வராததால் வருவது. அவர்கள் ஏன் வரவில்லை? விருப்பம் இல்லாமல் இல்லை, காசு இல்லாமல். 1976-இல் ஃப்ரெட் ஹிர்ஷ் என்ற பொருளாதார அறிஞர் இந்த வகைப் பொருட்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சில பொருட்களின் மதிப்பே, அவை மற்றவர்களிடம் இல்லை என்பதில்தான் இருக்கிறது என்றார். ஆளில்லாக் கடற்கரை, மலைமேல் தனி வீடு. எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் யாருக்கும் கிடைக்காது. சின்னக் கப்பலின் மௌனமும் இந்த ரகம். அதை விலை கொடுத்து வாங்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் வாங்கிய ஒரு பொருளைச் சம்பாதித்த ஒரு குணம் மாதிரி காட்டிக்கொள்ளும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

*

"சரி, அப்ப கப்பல்ல வேலை செய்றவங்க?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. விடைக்கு 1886 வரை போக வேண்டும்.

அந்த வருடம் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறையிலிருந்து இன்னொரு அமெரிக்கத் துறைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது. உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பாற்ற வந்த சட்டம், இன்றும் அமலில் இருக்கிறது. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவானவை. பிளிஸ் பஹாமாஸ் கொடி. அதனால் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போய்வரும் கப்பல் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட்டாக வேண்டும். பெரும்பாலும் கனடாவின் விக்டோரியா. பல நடைகளில் கடைசி நாள் சாயங்காலம் சில மணி நேரம் அங்கே நின்றுவிட்டு வருவார்கள்.

குவெஸ்ட் மாதிரியான கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, அமெரிக்கக் கொடியோடு ஓடுவது. அதில் வேலை செய்கிறவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களாகவோ இருக்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். கட்டணம் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய கப்பலில் அறை துடைப்பவரும் பரிமாறுபவரும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். 2013-இல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவர்களுக்கு உண்டு. அதன் ஓய்வு விதி, நாளுக்குக் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். மிச்சம் 91. இந்த விதியை மீறாமலேயே ஒருவரை வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் சின்னக் கப்பல் அறத்தில் ஒரு படி ஏறிவிட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கல்லூரி நண்பனின் தம்பி ஒருவன் இருக்கிறான். திருச்சியில் கேட்டரிங் முடித்துவிட்டு ஏழெட்டு வருடமாகப் பெரிய கப்பல்களில் அறைப் பணியாளன். எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அக்கா கல்யாணம், ஊரில் மாடி வீடு, இரண்டும் அவன் சம்பாத்தியம். போனில் பேசும்போது இந்தச் சின்னக் கப்பல் கணக்கையெல்லாம் அவனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணா, அது நல்ல கப்பலாவே இருக்கட்டும். ஆனா என்னை அதுல ஏத்த மாட்டாங்களே. கெஸ்ட்டா ஏற எங்கிட்ட காசு இல்ல. ஸ்டாஃபா ஏற பாஸ்போர்ட் சரியில்ல."

அவன் வேலை நேரம் நியாயம் என்று இதனால் ஆகிவிடாது. அவனே அப்படிச் சொல்ல மாட்டான். கையில் கொப்புளம், முதுகில் வலி, குழந்தை நடக்கத் தொடங்கியதைப் போனில் பார்த்தது, எல்லாக் கணக்கும் அவனிடம் இருக்கிறது. ஆனால் நான் நல்ல கூலி தரும் கப்பலில் ஏறினால் அவனுடைய கூலி ஒரு டாலர்கூட ஏறப்போவதில்லை. என் கண்ணில் அவன் படாமல் போவான், அவ்வளவுதான். சுரண்டலைப் பார்க்காத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதும் சுரண்டலைக் குறைப்பதும் ஒன்றில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நான் வேலை பார்ப்பது சியாட்டிலில். அப்பாவும் அம்மாவும் ஆறு மாத விசாவில் வரும்போது பனிப்பாறை காட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. "ரப்பர் படகுல குதிக்கிற வேலையெல்லாம் நம்மால ஆகாதுடா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சின்னக் கப்பல்கள் பலவற்றில் லிஃப்ட்கூடக் கிடையாது. பெரிய கப்பலில் லிஃப்ட், சக்கர நாற்காலி, மருத்துவர், எல்லாம் உண்டு. ஆனால் விக்டோரியாவைத் தொடுவதால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும். 1886-இல் போட்ட சட்டம் அம்மாவின் கைரேகை வரைக்கும் வருகிறது. நாம் கேவலமாகப் பேசும் அந்தப் பெரிய கப்பல்தான், உடம்பு ஒத்துழைக்காதவர்களும் நடுத்தர வருமானக்காரர்களும் பனிப்பாறையைப் பார்க்க இருக்கும் ஒரே வழி. இதை மறந்துவிட்டு அறம் பேசினால், அது நல்ல முழங்கால் உள்ளவர்களின் அறமாகத்தான் இருக்கும்.

*

அப்படியென்றால் பெரிய கப்பல்தான் சரியா? அதுவும் இல்லை. 'எல்லோருக்கும் உரிமை உண்டு' என்பது நல்ல வாக்கியம்தான். ஆனால் அந்த எல்லோரும் போய் இறங்கும் இடத்தில் ஏற்கனவே சிலர் வாழ்கிறார்கள். நாம் இதுவரை கப்பலின் உள்ளே நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தோம். கரையில் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

ஹூனா என்ற ஊரில் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே வசிக்கிறார்கள். பெரும்பாலும் லிங்கிட் பழங்குடி மக்கள். அவர்களின் ஹூனா டோட்டம் என்ற நிறுவனம், மூடிப்போன ஒரு பழைய மீன் பதப்படுத்தும் ஆலையை எடுத்து, 2004-இல் க்ரூஸ் துறையாகத் திறந்தது. பெரிய கப்பல்களை அவர்களே கூப்பிட்டார்கள். யாரையும் கேட்காமல் அவர்களுக்காக நாம் வருத்தப்பட்டுக்கொண்டிருக்க முடியாது. ஜூனோவில் கதை வேறு. சனிக்கிழமைகளிலும் ஜூலை 4 அன்றும் 250 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் வரக் கூடாது என்று ஒரு முன்மொழிவு. 2024 அக்டோபரில் ஊரே வாக்களித்தது. முன்மொழிவு தோற்றது. அந்த வருமானத்தை நம்பிப் பிழைப்பவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன்பே நகர நிர்வாகம் க்ரூஸ் நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் இல்லை. 2026 முதல் நாளுக்கு 16,000 படுக்கைகளுக்கு மேல் இல்லை, சனிக்கிழமையில் 12,000. பக்கத்தில் இருக்கும் கிளேசியர் பே தேசியப் பூங்காவிலும் இதே மாதிரி, நாளுக்கு இரண்டே பெரிய க்ரூஸ் கப்பல்கள். இந்த எண்கள் போதுமா என்பது வேறு விவாதம். 32,000 பேர் வாழும் ஊருக்கு ஒரே நாளில் 16,000 பேர் என்பது எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் இந்த எண்ணின் தன்மை வேறு. கிராஸ் டன்னேஜ் மாதிரி கப்பலுக்குள்ளிருந்து எடுத்த அளவு இல்லை இது. கரையிலிருந்து எடுத்த அளவு. பேரம் பேசி, சண்டை போட்டு, வாக்களித்து வந்த அளவு.

என் தொழிலில் இது எல்லோருக்கும் பழகிய விஷயம். ஒரு சர்வர் திணறும்போது, ஒவ்வொரு பயனரும் மனசாட்சியோடு கொஞ்சமாகப் பயன்படுத்துவார் என்று யாரும் நம்பிக்கொண்டிருப்பதில்லை. நொடிக்கு இத்தனை கோரிக்கைகள்தான் என்று வரம்பு வைப்போம். அதிகக் காசு கொடுத்தவரை முதலில் விடுவதும் ஒருவகை வரம்புதான், ஆனால் அதை நியாயம் என்று யாரும் அழைப்பதில்லை. சின்னக் கப்பலின் வரம்பு அந்த வகை, விலை போடும் வரம்பு. ஜூனோவின் வரம்பு இடம் போடும் வரம்பு. முதலாவது எப்போதும் அடுத்தவரைத்தான் வெளியே நிறுத்தும். இரண்டாவது என்னையும் நிறுத்தலாம்.

அதனால்தான் பெரியதா சின்னதா என்பதை விடுமுறைக் கேள்வியாகவே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். முழங்காலையும் காசையும் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். அம்மாவோடு போனால் நான் பெரிய கப்பலில்தான் போவேன், அதில் எனக்குக் கூச்சமில்லை. அறக் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது: நான் போக விரும்பும் இடம் 'இன்றைக்குப் போதும்' என்று சொன்னால், அந்தப் 'போதும்' என் தலையில் விழுந்தால், ஏற்றுக்கொள்வேனா? பெரிய கப்பலில் போகிறவர் அந்த வரம்பு வரவே கூடாது என்கிறார். சின்னக் கப்பலில் போகிறவர் அது மற்றவர்களுக்கு வரட்டும் என்கிறார். இரண்டு பேருமே தங்கள் படுக்கையை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

16,000-த்திலிருந்து 12,000-த்தைக் கழித்தால் 4,000. ஏறக்குறைய ஒரு பிளிஸ் கப்பல். நாற்பது குவெஸ்ட் கப்பல்கள். ஜூனோவின் சனிக்கிழமைகளில் அந்த நாலாயிரம் பேர் இருக்க மாட்டார்கள். ஊர்க்காரர்கள் கடைவீதியில் இடித்துக்கொள்ளாமல் நடப்பார்கள், சில திமிங்கிலங்களைச் சுற்றிப் படகுகள் குறைவாக நிற்கும். அந்த நாலாயிரத்தில் ஒருவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். சனிக்கிழமைதான் லீவு கிடைக்கும் நானாக இருக்கலாம். ஆறு மாத விசா முடியப்போகிற அம்மாவாகவும் இருக்கலாம்.